ஓமந்தூரார்னா ஆஸ்பத்திரி மட்டும்தானா? திண்டிவனம் விவசாயி போட்ட கல்வி அடித்தளம்!

சென்னை அண்ணா சாலைப் பக்கம் போறவங்களுக்கு ஓமந்தூரார்னா அரசு மருத்துவமனைதான் ஞாபகம் வரும். ஆனால் ஓமந்தூர் என்பது திண்டிவனம் அருகே உள்ள ஒரு கிராமம். அங்கே 1895 பிப்ரவரி 1-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் ஓ.பி.ராமசாமி ரெட்டியார். படித்தது திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில்.

நாடு சுதந்திரம் அடைந்தபோது சென்னை மாகாண முதல்வர் இவர்தான். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை, சுமார் ரெண்டு வருஷம்.

14-ல் 2 இடம்: அது என்ன கணக்கு?

மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்கள் அப்போது வகுப்புவாரி அரசாணைப்படி பிரிக்கப்பட்டன. பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனி இடம் கிடையாது. பிராமணரல்லாத இந்துக்கள் என்ற பொதுப் பட்டியலுக்குள்தான் அவர்களும் போட்டி போட வேண்டும். அந்தப் பட்டியலிலேயே வசதியும் படிப்பும் இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். 1947-ல் ஓமந்தூரார் அரசு ஆணையை மாற்றியது. மொத்தம் 14 இடம் என்றால் அதில் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2. அன்றைய தென்னாற்காடு மாதிரி விவசாயக் குடும்பங்கள் நிறைந்த மாவட்டங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு முக்கியக் காரணம்.

பாரதி பாட்டு யாருக்குச் சொந்தம்?

பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. நாடகத்திலோ படத்திலோ பாட வேண்டுமென்றால் சிக்கல்தான். பாரதி எல்லோருக்கும் பொது என்று நாடகக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் குரல் கொடுக்க, ஓமந்தூரார் ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியில் 1949-ல் பாரதி படைப்புகள் அரசுடைமை ஆகின.

எல்லாமே பாராட்டு இல்லை. 1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் இதே அரசுதான். பெரியார் தலைமையில் பெரிய போராட்டமே நடந்தது.

பதவி போன பிறகு?

கட்சி அரசியலை விட்டு விலகி நேராக வடலூர் போனார். வள்ளலார் பக்தர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு, தங்க இடம், படிப்பு என்று மீதி வாழ்நாளைச் செலவிட்டார். முன்னாள் முதல்வர்கள் செய்யுற வேலையா இது!

1970 ஆகஸ்ட் 25-ல் மறைந்தார். வள்ளலார் குருகுலம் பள்ளி வடலூரில் இன்றும் நடக்கிறது.