சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு வீடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

குடந்தை என்றதும் கோயில்கள் நினைவுக்கு வரும். கொழுந்து வெற்றிலை நினைவுக்கு வரும். மகாமகக் குளம் நினைவுக்கு வரும். கணிதம் பயிலும் நமக்கோ ஒரு சிறிய ஓட்டு வீடுதான் முதலில் நினைவுக்கு வரவேண்டும் என்று எங்கள் துறைப் பேராசிரியர் வகுப்பில் அடிக்கடி சொல்வார். அந்த வீட்டைக் காணும் பேறு சென்ற பிப்ரவரித் திங்களில் எங்களுக்குக் கிட்டியது. மாணவ மாணவியர் முப்பத்தெட்டுப் பேர், பேராசிரியர்கள் இருவர், ஒரு பேருந்து. தலைக்கு 450 ரூபாய்.

அந்த 450 ரூபாயை வீட்டில் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. என் தந்தையார் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். தாயார் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் நானே முதல்வன். கேட்கத் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலாண்டு ஆங்கிலத் தாளில் நான் தவறியிருந்தேன். நவம்பரில் மீண்டும் எழுதினேன், மீண்டும் தவறினேன். கணிதத் தாள்களில் வாங்கிய மதிப்பெண்களை மட்டும் வீட்டில் சொன்னேனே தவிர, இந்த அரியரைப் பற்றி மூச்சு விடவில்லை. நண்பர்கள் கேட்டால் மட்டும், இராமானுசனும் ஆங்கிலத்தில் தவறியவர்தானே என்று மார்தட்டிக்கொள்வேன். அம்மா எப்படியோ அறிந்து, சீருடைத் துணிக்கு வாங்கிய முன்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பேருந்தில் பாட்டும் கும்மாளமுமாகச் சென்றோம். தாராசுரத்தில் இறங்கிக் கல்லிலே கலைவண்ணம் கண்டோம். அதைப் பற்றி வரலாற்றுத் துறை நண்பர்கள் எழுதட்டும்! பத்து மணியளவில் சாரங்கபாணி சன்னதித் தெருவினுள் நுழைந்தோம். தெருவின் கோடியில் பதினொரு நிலைக் கோபுரம் வானளாவி நிற்கிறது. அதன் காலடியில், பக்கத்து வீடுகளோடு வீடாக, திண்ணை வைத்த அந்த வீடு. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் கடந்து போயிருப்போம். 2003ஆம் ஆண்டு சாஸ்திரா நிறுவனத்தார் இதனை வாங்கிப் பழுதுபார்த்துக் காத்து வருகின்றனர். அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

உள்ளே போனதும் எனக்கு உண்மையில் ஏமாற்றமே. இவ்வளவுதானா? தெருவைப் பார்த்த சன்னலுடன் ஒரு சிற்றறை, அதில் ஒரு கட்டில், ஒரு கூடம், அதில் மேதையின் மார்பளவுச் சிலை, அப்பால் அடுக்களை, கொல்லையில் கிணறு. முப்பத்தெட்டுப் பேரும் ஒருசேர நிற்க முடியாமல் பாதிப்பேர் திண்ணையில் காத்திருந்தோம். பேராசிரியர் அந்தத் திண்ணையிலேயே அமர்ந்து, இந்த இடத்தில்தான் மடியில் சிலேட்டுடன் அவரும் உட்கார்ந்திருப்பார் என்றார். சளசளவென்றிருந்த கூட்டம் அடங்கியது.

சீனிவாச இராமானுசன் பிறந்தது 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில். வளர்ந்தது குடந்தையில். தந்தை சீனிவாச அய்யங்கார் சவுளிக்கடைக் கணக்கர்; மாத வருமானம் 20 ரூபாய் அளவில்தான். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். அதில் கிடைப்பதும் குடும்பத்திற்கு உதவிற்று. இத்தனை சிறிய வீட்டில், வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் படித்த மாணவர்களையும் உணவளித்துத் தங்க வைத்து அதில் சிறிது பணம் பார்த்தனர் என்று கேட்டபோது நான் வியந்து போனேன். ஆனால் அதுவே நன்மையாயிற்று. அந்த மாணவர்களின் புத்தகங்கள் சிறுவன் கைக்கு எட்டின. லோனி என்பார் எழுதிய திரிகோணமிதி நூலைப் பதின்மூன்று வயதிலேயே முடித்துவிட்டார். நமக்குப் பி.எஸ்ஸி.யில் வரும் பகுதிகளும் அதில் உண்டு!

1903இல், பதினாறு வயது நிரம்புமுன், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்று கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள். நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு. தேர்வுக்குத் தயாராவோருக்கான கையேடு அது. நாமாக இருந்தால் மனப்பாடம் செய்திருப்போம். இராமானுசனோ ஒவ்வொன்றையும் தாமே மெய்ப்பித்துப் பார்த்தார்; பார்க்கப் பார்க்கப் புதியனவும் தோன்றின. தாள் வாங்கப் பணமில்லை. சிலேட்டில் போடுவார்; முழங்கையால் அழிப்பார்; முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். முடிவுகள் மட்டும் நின்று வழிகள் மறைந்து போனதற்கு அந்தச் சிலேட்டும் ஒரு காரணம்.

1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளியை முடித்து, உதவித்தொகையுடன் குடந்தை அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். 1854இல் தோன்றிய அக்கல்லூரியைத் தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்பர். அதுவும் நம்முடையது போன்ற அரசுக் கல்லூரியே என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை. ஆனால் அங்கே அவர் கணிதம் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று. 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பையனைக் காணவில்லை என்று நாளேட்டில் அறிவிப்பு வந்தது. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி.

இந்த இடத்தில் நண்பன் ஒருவன் என் விலாவில் இடித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். பேராசிரியர் அதைக் கவனித்தாரோ என்னவோ, அதன்பின் நடந்தவற்றை விரிவாகச் சொல்லத் தொடங்கினார். என் சிரிப்பு அதோடு நின்றது.

தேர்வில் தவறிய மேதை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் ஐந்தாண்டுகள் இருக்கின்றன, நண்பர்களே! பட்டம் இல்லை, ஆதலால் வேலை இல்லை. தனிப்பயிற்சி சொல்லித்தர முயன்றார். பாடத்தைத் தாண்டி எங்கோ போய்விடுவாராம், மாணவர்கள் நிலைக்கவில்லை. 1909 ஜூலை 14ஆம் நாள் கரூர்ப் பக்கத்து ராஜேந்திரம் ஊரைச் சேர்ந்த, பத்தே வயதான சானகியோடு திருமணம். அடுத்த ஆண்டு ஓர் அறுவை சிகிச்சை. அதன்பின் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக எளிய எழுத்தர் வேலை கேட்டு அலைந்தார். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயர். அவர் நோட்டைப் பார்த்தார். இவரைச் சாதாரண வேலையில் முடக்கக்கூடாது என்று சென்னை நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1911இல் கழகத்தின் இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருக்கு இராமசாமி ஐயர் கிடைத்தார். இராமச்சந்திர ராவ் கிடைத்தார். துறைமுகத்தில் நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் கிடைத்தனர். இத்தனை பேர் கைகொடுத்தும் ஐந்தாண்டுகள் பட்டினி. கொடுத்த நோட்டும் சாதாரண நோட்டன்று. என் நோட்டில் என்ன இருக்கிறது?

பின் நடந்தவை பாடநூல்களிலேயே உள்ளன. ஆதலால் சுருங்கச் சொல்வேன். கேம்பிரிட்ஜில் இரு கணித அறிஞர்களுக்கு முன்னரே எழுதினார், அவர்கள் கைகொடுக்கவில்லை. 1913 சனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு அமர்ந்து அக்கடிதத்தை ஆராய்ந்தனர். எழுதியவர் மேதை என்று தெளிந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. கடல் கடத்தல் குல ஆசாரத்திற்கு ஒவ்வாது என்று தடுத்த தாயும் பின்னர் இசைந்தார். 1914 மார்ச் 17ஆம் நாள், குடுமியைக் களைந்து, நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். உதவித்தொகையில் மாதம் 60 ரூபாய் குடந்தை வீட்டுக்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டே சென்றார்.

அவர் கண்ட உண்மைகளுள் எங்களுக்குப் புரிந்த ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 4 என்ற எண்ணை எத்தனை வகையாகக் கூறிடலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகை. இராமானுசன் கண்டது என்னவென்றால், 4, 9, 14, 19 எனக் கடைசி இலக்கம் 4 அல்லது 9 ஆக வரும் எந்த எண்ணை எடுத்துக் கூறிட்டாலும், வகைகளின் எண்ணிக்கை ஐந்தால் மீதியின்றி வகுபடும்! திண்ணையிலேயே நாங்கள் 9ஐக் கூறிட முனைந்தோம். 29தான் வந்தது. இராமானுசன் தவறிவிட்டார் என்று ஒருவன் கூவினான். இரண்டாம் முறை பார்த்தபோது மும்மூன்றாகப் பிரிப்பதை விட்டிருந்தோம். 30 சரியாக வந்தது. 14க்கு 135. ஹார்டியும் அவரும் சேர்ந்து கண்ட சூத்திரம் 200 என்ற எண்ணுக்கு விடையைச் சொல்கிறது: 39,72,99,90,29,388. எழுதிப் பார்த்து எண்ணுவதென்றால் ஓர் ஆயுள் போதாது.

இங்கிலாந்து அவருக்குப் புகழையும் தந்தது, நோயையும் தந்தது. உலகப்போர்க் காலம், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, கடுங்குளிர், தாமே சமைத்து வேளை தவறி உண்டார். 1917இல் படுத்தார். காசநோய் என்று மருத்துவமனைகளில் வைத்தனர். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். நோயாளியைக் காண ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் 1729 என்பதும், அது இருவிதமாக இரு கனங்களின் கூட்டலாக அமையும் மிகச்சிறிய எண் என்று படுக்கையிலிருந்தே அவர் சொன்னதும் யாவரும் அறிந்ததே. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும். ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், பின் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. அந்தக் கல்லூரியில் அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.

வீட்டைப் பார்த்தபின், சாஸ்திரா நிறுவனத்தார் நடத்தும் இராமானுசன் மையத்தின் காட்சியகத்திற்குச் சென்றோம். நோட்டுப் புத்தகங்களின் படிகள், கடிதங்களின் படிகள், படங்கள். இடைவெளியே விடாமல் அடர்ந்த எழுத்து. எல்லாரும் செல்பேசியில் படமெடுத்தனர். அங்கேதான் பேராசிரியர் சானகியம்மாளைப் பற்றிச் சொன்னார்.

கணவரோடு அவர் உண்மையில் வாழ்ந்தது மிகச் சில ஆண்டுகளே. கடைசி ஓராண்டு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவரும், எழுதிப் போட்ட தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தவரும் அவரே. அந்தத் தாள்கள் கடல் கடந்து போய், 1976இல் டிரினிட்டி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கையில் அகப்பட்டன, உலகமே வியந்தது. தாள்களைக் காத்தவருக்கோ பல்கலைக்கழகம் தந்த ஓய்வூதியம் நெடுங்காலம் மாதம் 20 ரூபாய். பம்பாயில் உடன்பிறந்தாரிடம் சில ஆண்டுகள் இருந்து, தையல் கற்றுக்கொண்டு சென்னை திரும்பினார். திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்து, தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று அவர் கேட்டது அயல்நாட்டுக் கணித அறிஞர்கள் செவியில் விழுந்து, 1980களில் அவர்கள் தம்முள் பணம் திரட்டி வெண்கலச் சிலை செய்து அனுப்பினர். 1994இல் அம்மையார் மறைந்தார். இராமானுசனைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளில் இவருக்கு இரண்டு வரிகூட இல்லையே என்பது என் குறை.

குடந்தையில் டிகிரி காப்பி குடித்தோம். எல்லாரும் மகாமகக் குளத்தருகே கடைகளைச் சுற்றினர். நான் அம்மாவுக்குக் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கினேன்.

வீடு சேரும்போது இரவு பதினொன்று. அப்பா உறங்கிவிட்டார். அம்மா விளக்கடியில் தைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே சானகியம்மாளைப் பற்றிச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டார். எந்தத் தெரு என்றார், சொன்னேன். பிறகு, ஆங்கிலத் தாளில் இருமுறை தவறியதைச் சொன்னேன். மிதியடியில் இருந்த கால் நின்றது. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தேர்வு எப்போது, பணம் எவ்வளவு கட்டவேண்டும் என்று மட்டும் கேட்டார். ஏப்ரல் என்றேன், தொகையையும் சொன்னேன். ஊசியில் நூல் அறுந்திருந்தது. கண் தெரியவில்லை, கோத்துக் கொடு என்றார். கோத்துக் கொடுத்தேன்.