மலைக்கள்ளனும் மைன்கிராஃப்டும்

நாமக்கல் பக்கத்துல இருக்கிற மோகனூர்ல 1888 அக்டோபர் 19-ல பிறந்தவர் வெ. இராமலிங்கம். அப்பா போலீஸ்ல வேலை பார்த்தவர். ஸ்கூல் புக்ல நாம படிச்ச நாமக்கல் கவிஞர் இவர்தான். ஆனா கவிதையில பேர் வாங்குறதுக்கு முன்னாடி இவர் ஒரு ஓவியர். படம் வரைஞ்சுதான் சம்பாதிச்சார்.

சுதந்திரப் போராட்டம் அவரைப் பாட்டு பக்கம் இழுத்துச்சு. 1930-ல ராஜாஜி தலைமையில திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் போன தொண்டர்கள், வழியெல்லாம் பாடிட்டுப் போனது இவர் எழுதின பாட்டைத்தான். 1932-ல ஒரு வருஷம் ஜெயில். 1949-ல சென்னை மாகாணத்தோட அரசவைக் கவிஞர் ஆனார். 1971-ல பத்மபூஷண் கிடைச்சது.

இவர் நாவலும் எழுதினார். போலீஸ்காரர் மகன் எழுதின நாவலோட ஹீரோ ஒரு கள்ளன்! அந்த 'மலைக்கள்ளன்' 1954-ல எம்.ஜி.ஆர். நடிச்சு படமா வந்துச்சு. எடுத்தது கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு, வசனம் கருணாநிதி. ஜனாதிபதியோட வெள்ளிப் பதக்கம் வாங்கின படம். இந்தியில 'ஆசாத்', தெலுங்குல 'அக்கி ராமுடு'ன்னு தமிழோட சேர்த்து ஆறு மொழிக்குப் போச்சு. இத்தனைக்கும் மூலம் ஒரே நாவல்தான். சட்டப்படி ஒரு கதையில முதல் உரிமை அதை எழுதினவருக்கு. அவரோட அனுமதியில இருந்துதான் மத்த எல்லாம் ஆரம்பிக்கும்.

1972 ஆகஸ்ட் 24-ல கவிஞர் காலமானார். நம்ம நாட்டுச் சட்டத்துல எழுதினவர் இறந்த அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் காப்புரிமை உண்டு. அந்தக் கணக்குல 2032 முடியற வரைக்கும் இவர் எழுத்தை அனுமதி இல்லாம யாரும் தொட முடியாது. ஆனா தமிழக அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து இவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. இப்போ யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம், படமாவும் எடுக்கலாம்.

நம்ம விஷயத்துக்கு வருவோம். கேமுக்குள்ள கேரக்டர்களை நடிக்க வெச்சு, அதை ரெக்கார்ட் பண்ணி குறும்படம் எடுக்கிறதுக்கு மஷினிமான்னு பேர். கேமரா வேண்டாம், லொக்கேஷன் வேண்டாம், லேப்டாப் போதும். கொல்லிமலை மாதிரி ஒரு மலையை மைன்கிராஃப்ட்ல கட்டி, மலைக்கள்ளனை அங்க ஓட விடலாம்னு யாருக்காவது ஐடியா வந்தா, நல்ல ஐடியாதான். ஆனா அதுல மூணு அடுக்கு இருக்கு.

முதல் அடுக்கு நாவல். அது நாட்டுடைமை, பிரச்சனை இல்ல. ரெண்டாவது 1954 படம். நாவல் இலவசம்னா படமும் இலவசம்னு அர்த்தம் இல்ல. காட்சி, வசனம், பாட்டு, இசை எல்லாத்துக்கும் தனித்தனி உரிமை. அதனால கதையை நாவல்ல இருந்து எடுங்க, படத்துல இருந்து எடுக்காதீங்க. மூணாவது கேம். நாம காசு கொடுத்து வாங்கறது விளையாடறதுக்கான லைசென்ஸ் மட்டும்தான். அந்த உலகத்தோட உருவங்களும் இசையும் கம்பெனியோடது. மைக்ரோசாஃப்ட் 2007-லயே தன்னோட கேம்களுக்குள்ள வீடியோ எடுக்கிறதுக்கு நிபந்தனைகளோட விதிகள் வெளியிட்டுச்சு. ஒவ்வொரு கம்பெனி விதியும் வேற வேற. காசு பார்க்கிற வேலைன்னா பெரும்பாலும் இன்னும் கறார். பரிசுப் பணம் உள்ள போட்டிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒருதடவை முழுசா படிச்சிருங்க.

நாமக்கல்ல கவிஞரோட வீடு இப்போ நினைவு இல்லம், உள்ளேயே நூலகமும் இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா எட்டிப் பாருங்க. அவர் கதையை எடுத்துக்க இனி யார்கிட்டயும் கேட்க வேண்டாம். படம் போடும்போது அவர் பேரை மட்டும் மறக்காம போடுங்க.