மூன்று தீபாவளியும் ஒரு கொலை வழக்கும்

குத்தாலத்தில் எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய நாளிதழ்கள் விரித்துக் கிடக்கும். விடுமுறை நாள்களில் அவற்றை உருவிப் படிப்பது எனக்கு வழக்கம். கொலை, களவு, ஆள்மாறாட்டம் என்று அதில் இல்லாதது இல்லை. அப்படிப் படித்தவற்றுள் இன்றும் நினைவில் நிற்பது, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரான மாயவரத்தில் பிறந்த ஒருவரின் கதை.

எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910 மார்ச் 1 அன்று பிறந்தார். திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையில் பாடிப் பெயர் பெற்று, 1934-இல் 'பவளக்கொடி' வழியாகத் திரைக்கு வந்தார். அடுத்த பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் அவருக்கு நிகராக இன்னொரு நட்சத்திரம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அவற்றுள் இரண்டு தீபாவளிகளின்போது அதன் கதாநாயகர் சிறையில் இருந்தார் என்பதுதான் விநோதம்.

லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை எழுதுவது அதன் வேலை. எழுதாமல் இருப்பதற்குப் பணம் பெறுவது அதைவிட ஆதாயமான வேலை. பொருளியல் படித்தவனுக்கு இது வியப்பளிக்கும் வணிகம்: அச்சேறாத செய்திக்கே விலை அதிகம். போர்க்காலத்தில் பத்திரிகை நடத்த அரசின் உரிமம் வேண்டும். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநரிடம் முறையிட, 'சினிமா தூது' நின்றது. லட்சுமிகாந்தன் அசரவில்லை. 'இந்து நேசன்' இதழைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னிலும் காரமாக எழுதினார்.

1944 நவம்பர் 8 அன்று, சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். அவ்வாண்டு டிசம்பர் முடிவதற்குள், முறையிட்ட மூவரும் கைதாயினர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவரையும் ஜூரிகளில் அறுவர் குற்றவாளிகள் என்றனர், மூவர் இல்லை என்றனர். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஒருவரின் ஆயுள் முழுவதையும் தீர்மானித்துவிட முடியுமா என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, மறு விசாரணைக்காகச் சென்னைக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெலும் ஷகாபுதீனும் சாட்சியங்களை நம்ப மறுத்து இருவரையும் விடுதலை செய்தனர். கொன்றது யார் என்பது தீராமலே நின்றது.

கலைவாணர் மீண்டும் திரையில் தம் இடத்தைப் பிடித்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா' என்று நடித்துப் பார்த்தார். குரல் இருந்தது, கூட்டம் வரவில்லை. சிறைக்குள் இருந்த இரண்டரை ஆண்டுகளில் நாடும் மாறிவிட்டது, ரசனையும் மாறிவிட்டது. 1959 நவம்பர் 1 அன்று, 49 வயதில், சென்னையில் காலமானார். அவர் நடித்த கடைசிப் படமான 'சிவகாமி' மறு ஆண்டுதான் திரைக்கு வந்தது.