பூமியைச் சுழலவிட்டவர்

தசராப் பொருட்காட்சியில் குடை ராட்டினம் ஏறாத நண்பர் நம் சங்கத்தில் உண்டோ? அது வேகமெடுத்ததும் நாம் இருந்த இடத்தில் இருக்கிறோம். கடைகளும் விளக்குகளுமே எதிர்த்திசையில் ஓடுகின்றன என்று கண் சாதிக்கும். வானத்தைப் பார்த்த மனிதனுக்கும் நெடுங்காலம் இதே மயக்கம்தான். நம் நாட்டில் அதை மயக்கம் என்று துணிந்து சொன்னவர் ஆரியபட்டர்.

பெற்றோரைப் பற்றியோ இளமையைப் பற்றியோ அவர் ஒரு வரியும் எழுதவில்லை. கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று மட்டும் குறித்தார். கணக்கிட்டால் கி.பி. 476இல் பிறந்தவர் என்பதும், குறித்த ஆண்டு 499 என்பதும் தெரிகின்றன. குசுமபுரத்தில், அதாவது இன்றைய பாட்னாவில், அவர் கல்வி போற்றப்பட்டது. பட்டம் பெற்று வேலை தேடும் நம் வயதில் அவர் கையிலிருந்தது 'ஆரியபடீயம்'!

ஓடத்தில் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி நகர்வதுபோல, அசையாத விண்மீன்கள் மேற்கே செல்வதாக நமக்குத் தோன்றுகின்றன என்றார். சொன்னதோடு நில்லாமல் கணக்கும் கொடுத்தார். 43,20,000 ஆண்டுகளில் பூமி 158,22,37,500 முறை சுழலும். அதே காலத்தில் நாட்கள் 157,79,17,500. வகுத்துப் பாருங்கள். ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி வரும். இன்றைய கணக்கும் அதுவே.

எதிர்ப்பு கிளம்பாதிருக்குமா? பூமி சுழன்றால் பறவை தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று வராகமிகிரர் கேட்டார். உயர்ந்து நிற்பவை ஏன் சரிந்து விழவில்லை என்று பிரமகுப்தர் 628இல் கேட்டார். கேள்விகளில் மடமை இல்லை. விடை சொல்லும் இயக்கவியல்தான் அன்று பிறக்கவில்லை. பறவையும் காற்றும் பூமியின் வேகத்தை ஏற்கெனவே உடன் கொண்டுள்ளன. அன்றியும், திண்பொருள் சுழலும்போது அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒரே கோணம் திரும்பும். வேகம் மட்டும் அச்சிலிருந்து உள்ள தூரத்துக்கேற்ப மாறும். ராட்டினத்தில் வெளிவரிசைக் குதிரை விரைவதும் இதனாலேயே. மைசூரில் இருக்கும் நாம் விநாடிக்குச் சுமார் 454 மீட்டர் செல்கிறோம். பாட்னாக்காரர் 419 மீட்டர்தான். ஆனால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆவதால் கோணவேகம் மிகச் சிறிது. நிலநடுக்கோட்டில்கூட நம்மை வட்டத்தில் நிறுத்தத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 289இல் ஒரு பங்கே. பிறகு எது சரியும்?

பகைவர்களைவிட அன்பர்களே அவருக்கு அதிகத் தீங்கு செய்தார்கள் என்பது என் எண்ணம். வடமொழியில் 'பூ' என்றால் பூமி, 'பம்' என்றால் விண்மீன். சுழல்வது பூமி என்றிருந்த இடத்தில், ஆசானைப் பழியிலிருந்து காப்பதாக எண்ணி, ஒரு சொல்லை மாற்றி விண்மீனைச் சுழல விட்டனர். மூலச் சொல்லை நமக்குக் காட்டிக்கொடுத்தது, கண்டிப்பதற்காக அதை எடுத்தெழுதிய பிரமகுப்தரின் நூல்!

1975 ஏப்ரல் 19இல் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் சோவியத் மண்ணிலிருந்து ஏறியது. பக்கத்திலுள்ள பெங்களூரில் உருவான அதன் எடை 360 கிலோ, முகங்கள் 26, பெயர் ஆரியபட்டா. திசை தடுமாறாதிருக்க அதையும் வாயுத் தாரைகளால் தன் அச்சில் சுழல விட்டிருந்தார்கள்.