கப்பலுக்கு முதல் திரட்டிய வக்கீல்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் முன்னாள் மாணவர் சங்கத்தார் கேட்டபோது, நான் அதிகம் யோசிக்கவில்லை. படித்து முடித்த நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளிடம் சொந்தமாகத் தொழில் ஆரம்பிக்கலாமே என்று சொன்னால், திரும்பி வருவது மூன்று கேள்விகள். முதலுக்கு எங்கே போவது? பெரிய கம்பெனியோடு போட்டி போட முடியுமா? நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். நூறு வருஷத்துக்கு முன்பே இந்த மூன்றையும் நேருக்கு நேர் சந்தித்தவர் ஒருவர் உண்டு. கப்பலோட்டிய தமிழன் என்று அவரைப் பற்றிப் படித்தோம், பரீட்சை எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். ஆனால் ஒரு தொழில் முனைவோராக அவரை நாம் பார்த்ததே இல்லை.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா வக்கீல், இவரும் வக்கீல். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து நல்ல பெயரோடு தொழில் செய்துவந்தார். வருமானத்துக்குக் குறைவில்லை. அப்படியே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வைத்ததே கட்டணம். உள்ளூர் வியாபாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்கள். கடலே தெரியாத கம்பெனியா, நாம் ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று நினைத்தார் வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அன்றைக்கு 10 லட்சம் என்பது மலைப்பான தொகை. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். கையில் காசில்லாத வக்கீல் முதல் திரட்டிய விதம் இதுதான்: ஒருவரிடம் கடனாகக் கேட்காமல், ஊரையே பங்காளியாக்கிவிட்டார். முதல் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது.

ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அந்த ஷா லைனை மிரட்டியதும், கொடுத்த கப்பல் திரும்பிப் போய்விட்டது. வேறொருவராக இருந்தால் அன்றைக்கே கடையைக் கட்டியிருப்பார். வ.உ.சி. கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். இரவல் கப்பலை நம்பித் தொழில் நடக்காது என்று தெரிந்ததும் பம்பாய், கல்கத்தா என்று அலைந்து பங்குகள் விற்றார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒரே கம்பெனி கொடுக்கும் ஜாப் ஒர்க்கை மட்டும் நம்பி லேத் பட்டறை நடத்தும் நம் பையன்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அடுத்து கட்டணப் போர். எதிர்க்கம்பெனி தலைக்கு 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசி 8 அணா என்றது. உடனே அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், சும்மாவே வாருங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கிவிட்டார்கள். பல துறைமுகங்களில் சம்பாதிக்கிற கம்பெனி, ஒரு வழித்தடத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் நஷ்டப்படலாம். ஒரே வழித்தடம் வைத்திருப்பவனுக்கு அந்த வசதி ஏது? சுதேசிக் கப்பல்கள் ஏறக்குறையக் காலியாகப் போய்வந்தன.

இந்த நேரத்தில்தான் 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைது செய்யப்பட்டார்கள். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும், கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். நடத்த ஆளில்லாத கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ, அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. இதைவிட மனசை அறுக்கும் செய்தி வேறில்லை.

1912 கடைசியில் விடுதலை. வக்கீல் உரிமை பறிபோயிருந்தது, சொத்தும் கரைந்திருந்தது. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த வறுமையிலும் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார். 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு. அவரோடு சிறை சென்று தொழுநோயோடு வெளியே வந்த சிவா, கடைசியில் தங்கியது பாப்பாரப்பட்டியில். அன்று அது சேலம் மாவட்டம். 1925 ஜூலை 23இல் அங்கேயே காலமானார். அவர் நினைவிடத்தைக் கடந்து போகாத தருமபுரிக்காரர் குறைவு.

தம்பி, தங்கைகளே, வ.உ.சி. தோற்றாரா என்று கேட்டால், கம்பெனி தோற்றது என்றுதான் சொல்லவேண்டும். அவர் உள்ளே போனதும் தூக்கிப் பிடிக்க இரண்டாவது கை இல்லை. ஆகவே தொழில் தொடங்கும்போதே உங்களுக்கு அடுத்த ஆளைத் தயார் செய்யுங்கள். விலையைக் குறைத்து மட்டும் பெரியவனை ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

என்னோடு படித்த, எனக்கு முன் படித்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓசிக் குடைக்கு ஆசைப்பட்டு அந்தக் கப்பலில் ஏறியவர்களும் நம் ஜனங்கள்தான். இன்று ஒரு ஜூனியர் பட்டறை போட்டு ஆர்டர் கேட்டு வந்தால், ஒரு ரூபாய் கூடுதலானாலும் முதல் ஆர்டரை அவனுக்குக் கொடுங்கள். மூன்றாவது கேள்விக்கு, அதாவது நஷ்டத்தை யார் தாங்குவது என்பதற்கு, விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.