பண்ணையாள் பெண்ணை மேடை ஏற்றிய மொனியூஷ்கோ

போலந்து நாட்டு இசை மேதை என்றதும் உலகம் ஷோபான் பெயரைத்தான் முதலில் சொல்லும். போலந்து மக்களைக் கேட்டால் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர்தான் ஸ்டானிஸ்லாவ் மொனியூஷ்கோ. ஷோபான் பாரிஸ் நகரில் வாழ்ந்து பியானோவுக்கு எழுதினார். மொனியூஷ்கோ தம் மக்கள் நடுவிலேயே இருந்து, தாய்மொழியில், வாய்விட்டுப் பாடுவதற்கு எழுதினார்.

பாட்டுக்கு மெட்டு அமைப்பது அவருடைய ஒரு தொழில். இன்னொரு தொழில் கண்டக்டர். பஸ்சில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் அல்ல. ஐம்பது, அறுபது வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று, கையில் சிறு கோலை வைத்துக்கொண்டு, யார் எப்போது வாசிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பலமாக என்று சைகையால் நடத்துகிறவரை மேல்நாட்டில் அப்படிச் சொல்வார்கள்.

மொனியூஷ்கோ 1819-ம் ஆண்டு மே 5-ந் தேதி, மின்ஸ்க் நகருக்கு அருகே உபியெல் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. அவர் பிறந்தபோது போலந்து என்ற சுதந்திர நாடே கிடையாது. ரஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் மூன்று தடவையாக அதைக் கூறு போட்டு, 1795-ல் முழுவதும் விழுங்கிவிட்டன. மறுபடி அது தனி நாடாக எழுந்தது 1918-ல்தான். ஆக, மொனியூஷ்கோ பிறந்ததும் வாழ்ந்ததும் இறந்ததும் அன்னிய ஆட்சியில்.

குடும்பம் நிலபுலன் உள்ள குடும்பம். தந்தை நெப்போலியன் படையில் பணியாற்றியவர். சிறிய தகப்பனார் முறையில் டோமினிக் என்று ஒருவர் இருந்தார். தமது நிலத்தைக் குடியானவர்களுக்கே பிரித்துக் கொடுத்து, அவர்கள் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடமும் வைத்தவர். பண்ணையாட்களை ஆடு மாடுபோல நடத்திய அந்தக் காலத்தில் இது சாதாரண காரியம் அல்ல. பிற்காலத்தில் மொனியூஷ்கோ எழுதிய நாடகத்துக்கு விதை இந்த வீட்டிலேயே விழுந்தது என்று நினைக்கத் தோன்றுகிறது.

முதல் பியானோ பாடம் தாயிடம். பிறகு வார்சாவிலும் மின்ஸ்கிலும் ஆசிரியர்களிடம் பயிற்சி. 1837-ல் பெர்லின் போய் மூன்று ஆண்டு இசை கற்றார். 1836-ல் வில்னா நகருக்குப் போயிருந்தபோது அலெக்சாண்ட்ரா முல்லர் என்ற பெண்ணைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்திருந்தார். படிப்பு முடிந்து 1840-ல் அவரையே மணந்து, வில்னாவிலேயே குடியேறினார். லிதுவேனியாவின் தலைநகராக இன்று வில்னியஸ் என்று சொல்கிறார்களே, அந்த ஊர்தான்.

மாதாகோவில் உத்தியோகம்

வில்னாவில் கிடைத்த வேலை, புனித யோவான் மாதாகோவிலில் ஆர்கன் வாசிப்பது. அந்த வருமானம் போதாது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். ஊர் நாடகக் கொட்டகையில் வாத்தியக் குழுவை நடத்தினார். பிள்ளைகள் பத்துப் பேர். மாதக் கடைசியில் வீட்டுக் கணக்குப் பார்க்கும் யாருக்கும் அவர் நிலைமையை விளக்கத் தேவையில்லை. பகலெல்லாம் பிழைப்புக்காக ஓடிவிட்டு, மிஞ்சிய நேரத்தில்தான் அவர் தமக்காக எழுதினார். இப்படிப் பதினெட்டு ஆண்டுகள் போயின.

இந்த ஓட்டத்தின் நடுவேதான் அவர் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். அதன் பெயர் 'வீட்டுப் பாட்டுப் புத்தகம்'. பியானோ உள்ள எந்த வீட்டிலும், பெரிய சங்கீத ஞானம் இல்லாதவர்களும் பாடக்கூடிய பாட்டுகள். முதல் பகுதி 1843-ல் வந்தது. அவர் காலத்தில் ஆறு பகுதிகளும், இறந்த பிறகு இன்னும் ஆறும் வெளியாயின. தேசியப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தால் ஜார் மன்னரின் தணிக்கை அதிகாரிகள் விட்டிருக்க மாட்டார்கள். வீட்டுப் பாட்டு என்றால் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? பள்ளியிலும் அலுவலகத்திலும் ரஷிய மொழி ஆதிக்கம் செலுத்திய காலத்தில், போலிஷ் மொழி வீட்டுக்குள் பாட்டாக உயிரோடு இருந்தது.

அந்தத் தொகுப்பில் ராட்டை சுற்றும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. காதலன் படகேறி வெளியூர் போகிறான். கண்ணீரோடு வழியனுப்பிய பெண், கொஞ்ச நாளில் வேறொரு வாலிபனைப் பார்த்துச் சிரிக்கிறாள். நூல் அறுந்துபோகிறது. பியானோ மட்டும் ராட்டைபோல ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரைவிட்டு வந்தவர்களுக்குச் சற்று வயிற்றைக் கலக்கும் பாட்டுத்தான்! ஆனாலும் போலந்தில் இதைக் கேட்டிராதவர்கள் குறைவு.

பத்து ஆண்டு காத்த ஹல்கா

1846-ல் வார்சா போயிருந்தபோது வோல்ஸ்கி என்ற இளம் கவிஞரைச் சந்தித்தார். முற்போக்கு எண்ணம் கொண்ட வோல்ஸ்கி எழுதிக் கொடுத்த கதைதான் 'ஹல்கா'. வசனமே பெரும்பாலும் இல்லாமல், கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்தும் ஆபரா என்ற இசை நாடகம்.

ஹல்கா மலைநாட்டுப் பண்ணையாள் பெண். ஜமீன் வாலிபன் யானுஷ் அவளை ஆசை காட்டிக் கெடுத்துக் கைவிடுகிறான். அவள் வயிற்றில் அவன் பிள்ளை. அவனுக்கோ பெரிய இடத்துப் பெண்ணோடு நிச்சயதார்த்தம். அவன் திரும்பி வருவான் என்றே அந்தப் பேதை நம்புகிறாள். அவளை உண்மையாக நேசிக்கும் யோன்டெக் என்ற மலைநாட்டு வாலிபன் உண்மையைச் சொல்கிறான். மாளிகைக்குப் போனவர்களை ஆள் வைத்து விரட்டுகிறார்கள். பிள்ளையும் இறந்துபோகிறது. கல்யாண நாளன்று, மணமக்கள் உள்ளே இருக்கும் மாதாகோவிலுக்குத் தீ வைக்க ஹல்கா கொள்ளியைக் கையில் எடுக்கிறாள். உள்ளேயிருந்து பிரார்த்தனைப் பாட்டு கேட்கிறது. கொள்ளியை வீசி எறிகிறாள். அவனை மன்னித்துவிட்டு ஆற்றில் குதிக்கிறாள். பண்ணைக் காரியஸ்தன் குடியானவர்களைப் பார்த்து, எசமானுக்காகச் சந்தோஷமாகப் பாடும்படி கட்டளையிடுகிறான். நாடகம் அத்துடன் முடிகிறது.

கதை எழுதப்பட்ட அதே 1846-ல் ஆஸ்திரியா வசம் இருந்த போலந்துப் பகுதியில் குடியானவர்கள் கொதித்தெழுந்து நூற்றுக்கணக்கான பண்ணை மாளிகைகளைச் சூறையாடினார்கள். அந்தச் சூடு ஆறாத நேரத்தில், ஜமீன்தார்கள் உட்கார்ந்து பார்க்கும் கொட்டகையில் இந்தக் கதையை யார் போடுவார்கள்? வார்சாவின் கதவு திறக்கவில்லை. 1848-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் வில்னாவில் வேடம் எதுவும் போடாமல் கச்சேரியாக மட்டும் பாடினார்கள். 1854-ல் அங்கேயே மேடை ஏறியது. வார்சாவில் அரங்கேறியது 1858 ஜனவரி 1-ந் தேதி. சரியாகப் பத்து ஆண்டு.

இந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை. இரண்டு அங்கமாக இருந்த நாடகத்தை நான்கு அங்கமாக வளர்த்தார். மலைநாட்டு நடனங்களைச் சேர்த்தார். யோன்டெக்கின் சோகப் பாட்டு, இன்று போலந்தில் எல்லாரும் அறிந்த பாட்டு, அப்போது சேர்ந்ததுதான். பிரபுக்களுக்கு ஆடம்பரமான நடன மெட்டு, ஹல்காவுக்குக் கிராமத்துப் பாட்டின் சாயல் என்று அவர் பிரித்து வைத்த அழகே தனி. வேடத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் எசமான், யார் ஏழை என்று தெரியும்.

வெற்றி அமோகமாக இருந்தது. அதே 1858-ல் வார்சா பெரிய நாடக அரங்கின் போலிஷ் ஆபராவுக்கு அவரை நடத்துநராக நியமித்தார்கள். குடும்பத்தோடு தலைநகருக்கு வந்தார். கடைசி வரை அந்த வேலையில் இருந்தார். 1861-ல் ரஷிய சாம்ராஜ்யத்தில் பண்ணையடிமை முறை ஒழிந்தது. வார்சாவைச் சுற்றிய போலந்துப் பகுதியில் 1864-ல் குடியானவர்களுக்கு நிலம் சொந்தமாயிற்று.

1863-ல் ரஷிய ஆட்சியை எதிர்த்து எழுந்த புரட்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. ஊரே துக்கத்தில் இருந்த நேரத்தில், 1865 செப்டம்பரில் மொனியூஷ்கோ 'பேய் மாளிகை' என்ற நாடகத்தை மேடை ஏற்றினார். பெயர்தான் பயங்கரம், கதை சிரிப்பும் காதலும். நாடு அழைத்தால் உடனே போக வேண்டும் என்பதற்காகக் கல்யாணமே செய்துகொள்வதில்லை என்று சபதம் செய்த இரண்டு வீரர்கள், ஒரு மாளிகையில் இரண்டு சகோதரிகளிடம் அகப்பட்டுக்கொள்ளும் கதை. நள்ளிரவில் பழைய கடிகாரம் ஒன்று பாடத் தொடங்கும்போது, வீரனுக்குத் தன் வீடும் பெற்றோரும் நினைவுக்கு வருவார்கள். கொட்டகையில் இருந்தவர்களுக்கு இழந்த நாடே நினைவுக்கு வந்தது. அதிகாரிகளுக்கும் அது புரிந்துவிட்டது. மூன்றே காட்சி. தடை விழுந்தது.

தமிழ்ச் சொல் ஒன்று

1869-ல் அவர் மேடை ஏற்றிய நாடகத்தின் பெயர் 'பாரியா'. நம் பறையர் என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் இப்படித் திரிந்து, ஒதுக்கி வைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் டெலாவீன் 1821-ல் எழுதிய நாடகத்தைத் தழுவிய கதை இது. காசியில் நடக்கிறது. படைத் தலைவனாக உயர்ந்துவிட்ட ஒடுக்கப்பட்ட குலத்து வாலிபனை, தலைமைப் பூசாரியின் மகள் காதலிக்கிறாள். மகனைத் தேடி வந்த கிழத் தந்தையால் பிறப்பு வெளிப்படுகிறது. அவன் உயிர் போகிறது. ஐரோப்பியர் கற்பனையில் கண்ட இந்தியாதான், விவரங்களில் பிழை நிறைய. நாடகம் வெற்றி பெறவும் இல்லை. ஆனாலும் ஹல்காவை எழுதிய கைக்கு இந்தக் கதை பிடித்ததில் வியப்பில்லை.

1872 ஜூன் 4-ந் தேதி மாரடைப்பால் வார்சாவில் காலமானார். வயது 53. இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் திரண்டது. உடல் பவான்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆயிற்று.

வார்சாவில் ஹல்கா 1900-ல் 500-வது காட்சியைக் கண்டது. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான பெரிய நாடக அரங்கு 1965-ல் மறுபடி திறக்கப்பட்டது. அதன் முன்னால் மொனியூஷ்கோவின் சிலை நிற்கிறது. 1990-ல் போலந்து அரசு வெளியிட்ட ஒரு லட்சம் ஸ்லாட்டி நோட்டில் அவர் படம் இருந்தது. வில்னாவில் சில்லறைக் கணக்குப் பார்த்த மனிதருக்கு! பிறந்த 200-வது ஆண்டான 2019-ல், வார்சாவின் சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.