டானியல் வெசன்

டானியல் பேயர்டு வெசன் (மே 18, 1825 – ஆகஸ்டு 4, 1906) அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ஒராசு சிமித் என்பவருடன் இணைந்து சிமித் அண்டு வெசன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். சட்டைப்பையில் அடங்கக்கூடிய, கையை அதிகம் உதைக்காத சிறு ரிவால்வர்களை (சுழல் துப்பாக்கிகளை) உருவாக்கியதற்காக இவர் அறியப்படுகிறார்.

இளமைக்காலம்

வெசன் மாசச்சூசெட்சு மாநிலத்தின் வூசுட்டர் நகரில் பிறந்தார். தந்தை மரக் கலப்பைகள் செய்து வந்தவர். துப்பாக்கிகளில் ஆர்வம் கொண்ட வெசன், தம் 18-ஆம் வயதில் அண்ணன் எட்வினின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். 1847-இல் சிந்தியா என்பவரை மணந்தார். 1849-இல் எட்வின் இறந்தபோது பட்டறை கடனில் மூழ்கியிருந்தது.

முதல் முயற்சியும் தோல்வியும்

1852-இல் சிமித்தும் வெசனும் கனெடிகட் மாநிலத்தின் நார்விச்சு நகரில், நெம்புகோலால் இயங்கி அடுத்தடுத்துச் சுடும் கைத்துப்பாக்கியைத் தயாரிக்கத் தொடங்கினர். போதிய முதல் இல்லாததால் 1855-இல் தொழில் புதிய முதலீட்டாளர்களிடம் சென்றது. அவர்களுள் ஒருவரான ஆலிவர் வின்செசுட்டர் பின்னாளில் புகழ்பெற்ற வின்செசுட்டர் நிறுவனத்தை நிறுவினார்.

முதல் வெற்றி

உருளையின் அறைகள் முன்னிருந்து பின்வரை முழுவதும் துளைக்கப்பட்டிருந்தால், உலோகத் தோட்டாவைப் பின்புறமாக நுழைக்க முடியும். இதற்கான காப்புரிமையை ரோலின் வைட்டு என்பவர் 1855-இல் பெற்றிருந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் கொடுப்பதாக அவருடன் உடன்பாடு செய்துகொண்டு, 1856-இல் இருவரும் ஸ்பிரிங்பீல்டு நகரில் மீண்டும் கூட்டுச் சேர்ந்தனர். 1857-இல் வெளிவந்த முதல் மாதிரி ஏழு தோட்டாக்கள் கொண்டது. அதன் .22 அங்குலத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 1.9 கிராம் எடையே கொண்டதால் உதைப்பு மிகக் குறைவு. தாக்கும் ஆற்றலும் குறைவு.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) படைவீரர்கள் பலர் இவ்வகைத் துப்பாக்கிகளைச் சொந்தப் பணத்தில் வாங்கினர். 1869-இல் காப்புரிமை முடியும்வரை பிற அமெரிக்க நிறுவனங்கள் இம்முறையைத் தடையின்றிப் பயன்படுத்த இயலவில்லை. ஆனால் வழக்கு நடத்தும் செலவு, உடன்பாட்டின்படி வைட்டின் தலையில் விழுந்தது. காப்புரிமையை நீட்டிக்க அவர் செய்த முயற்சியை 1870-இல் குடியரசுத் தலைவர் கிராண்டு நிராகரித்தார்.

பாதுகாப்பு ரிவால்வர்

துப்பாக்கி சிறிதாகவும் இலேசாகவும் ஆக, ஒரே தோட்டாவின் உதைப்பு கையில் கூடுதலாக உணரப்படும். தோட்டாவைச் சிறிதாக்கினால் உதைப்பு குறையும், ஆற்றலும் குறையும். 1870-களில் இந்நிறுவனம் அறிமுகப்படுத்திய .32, .38 அங்குலத் தோட்டாக்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

சிமித் ஓய்வு பெற்ற பின்னர், 1887-இல் பாதுகாப்பு ரிவால்வர் வெளிவந்தது. இதன் சுத்தியல் சட்டகத்தின் உள்ளே மறைந்திருந்ததால், பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்காது. கைப்பிடியின் பின்புறமுள்ள நெம்பை அழுத்திப் பிடித்தால் மட்டுமே சுடும். குழந்தை ஒன்று துப்பாக்கியால் காயமுற்றதைக் கேள்விப்பட்டு வெசன் இதை வடிவமைத்தார் என்ற செவிவழிக் கதை உண்டு. சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்க இயலாததால் ஒவ்வொரு முறையும் விசையை வலுவாக இழுக்க வேண்டும். குறி பார்ப்பது கடினம் என்பது இதன் குறையாகும்.

மறைத்து எடுத்துச் செல்லும் வசதி தற்காப்புக்கு மட்டும் பயன்படவில்லை. 1901-இல் குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சுட்டவர், வேறொரு நிறுவனத்தின் .32 அங்குலச் சிறு ரிவால்வரைக் கைக்குட்டையால் மறைத்து வைத்திருந்தார். கைப்பிடி நெம்பு தவறுதலாகச் சுடுவதையே தடுக்கும். சுட நினைப்பவரைத் தடுக்காது.

இறுதிக்காலம்

வெசன் ஸ்பிரிங்பீல்டில் மகப்பேறு மருத்துவமனை உட்பட இரு மருத்துவமனைகளுக்குப் பெரும் பொருளுதவி செய்தார். 1906 சூலையில் மனைவி இறந்தார். அடுத்த மாதம் வெசனும் காலமானார். பாதுகாப்பு ரிவால்வரின் உற்பத்தி 1940 வரை தொடர்ந்தது. கூட்டுத்தொழிலின் நூற்றாண்டை ஒட்டி 1952-இல் நிறுவனம் வெளியிட்ட செண்டெனியல் மாதிரியிலும் மறைந்த சுத்தியலும் கைப்பிடி நெம்பும் இடம்பெற்றன.